எக்ஸல்ல நெதர்லாந்து ஜெயிச்சிருச்சு, வீட்ல ஜெயிக்கல: ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற நாட்ட எப்படி தேர்ந்தெடுத்தீங்க?

பெட்டிகட்டி:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஓரமா உக்காந்து படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு தான் முதல் தடவையா இழை போடறேன், நீளமா இருந்தா மன்னிச்சிருங்க.

நானும் மனைவியும் வேற நாட்டுக்கு போய் செட்டில் ஆகறதுன்னு ஒரு வருஷம் முன்னாடியே முடிவு பண்ணிட்டோம். எந்த நாடுங்கறதுல தான் நின்ன இடத்துலயே நிக்கறோம். எனக்கு 36, சாஃப்ட்வேர்ல 12 வருஷம். அவங்களுக்கு 31, பிசியோதெரபிஸ்ட், 8 வருஷ அனுபவம். குழந்தை இன்னும் இல்ல, ஒரு பூனை இருக்கு.

நான் ஒரு எக்ஸல் ஷீட் போட்டேன். 14 நாடு, 22 விஷயம். சம்பளம், வரி, பாதுகாப்பு, காத்தோட தரம், பிஆர் (நிரந்தர குடியிருப்பு) எத்தன வருஷத்துல, பாஸ்போர்ட்டுக்கு எவ்ளோ மதிப்பு, இப்படி எல்லாத்துக்கும் பத்துக்கு மார்க் குடுத்து, வெயிட்டேஜ் (எது எவ்ளோ முக்கியம்ங்கற எண்) போட்டு கூட்டினா நெதர்லாந்து முதல், ஜெர்மனி ரெண்டாவது, கனடா அஞ்சாவது வருது. மூணு மாச உழைப்பு இது. அவங்க கிட்ட காட்டினேன், ஒரு நிமிஷம் பாத்துட்டு "சரி"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டாங்க. அந்த "சரி" சரியில்லன்னு தெரியுது, ஆனா எது தப்புன்னு தெரியல. உங்க வீட்லலாம் எப்படி முடிவு பண்ணீங்க?

மூணாவதுநாடு:

தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்த 22ல அவங்க வேலைய பத்தி எத்தன?

பெட்டிகட்டி:

ஒண்ணு இருக்குக்கா. "ஸ்பௌஸ் வேலை செய்யலாமா: ஆமா / இல்ல"ன்னு. நெதர்லாந்து ஆமா, ஜெர்மனியும் ஆமா. அங்க போனதுக்கப்புறம் ஏதாவது பாத்துக்கலாம்னு நெனச்சோம்.

சும்மாவந்தேன்:

நெனச்சோமா, நெனச்சேனா?

இன்டர்நெட் ஸ்பீடுக்கு ஒரு வரி இருக்குமே, அதுக்கு வெயிட்டேஜ் எவ்ளோ பாஸ்?

பெட்டிகட்டி:

6.

சும்மாவந்தேன்:

அவங்க வேலைக்கு?

பெட்டிகட்டி:

4. சரி சரி புரியுது, திட்டறவங்க எல்லாம் வரிசைல வாங்க.

மூணாவதுநாடு:

திட்டல தம்பி, நானும் அந்த நாலு மார்க் ஆளு தான், அதான் கேட்டேன். எங்களுக்கு இது மூணாவது நாடு. மொதல் ரெண்டும் வீட்டுக்காரர் வேலைய வச்சே எடுத்த முடிவு. ரெண்டாவது நாட்ல எனக்கு வேலை செய்ய முழு அனுமதி இருந்துச்சு, விசால தெளிவா அச்சடிச்சே இருந்துச்சு, ஆனா என் படிப்புக்கான லைசன்ஸ் வாங்க மொழி பரிட்சை, அப்பறம் மேற்பார்வைல பயிற்சி, அப்பறம் ஒரு நேர்காணல்னு ரெண்டு வருஷம் ஓடிருச்சு. அந்த ரெண்டு வருஷம் நான் ஒரு கிடங்குல பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன். வேலை கேவலம்னு சொல்லல, ஆனா வீட்ல யாராவது "இங்க எவ்ளோ நல்லா இருக்குல்ல"ன்னு சொன்னா பத்திக்கிட்டு வரும்.

அதனால உங்க ஷீட்ல இருக்கற "வேலை செய்யலாமா"ங்கற கேள்விய ரெண்டா ஒடைங்க. மொதல்ல, சட்டப்படி ஏதாவது ஒரு வேலை செய்யலாமா. அடுத்தது, அவங்க *தன்னோட* வேலைய செய்யலாமா, எத்தன மாசம் கழிச்சு, எந்த மொழில.

மொதல் கேள்விலயே சில நாடு அடிபட்டுரும். சிங்கப்பூர்ல 2021 மே மாசத்துலேந்து டிபெண்டன்ட் பாஸ்ல (துணையா கூட வர்றவங்களுக்கான விசா) வர்றவங்க வேலைக்கு போகணும்னா தனியா ஒரு வொர்க் பாஸ் வாங்கணும். அமெரிக்கால எச்-1பி (வேலை விசா) ஆளோட துணை எச்-4ல (துணைக்கான விசா) போனா சும்மா தான் உக்காரணும், இவரோட கிரீன் கார்டு ஃபைல் ஒரு குறிப்பிட்ட கட்டத்த தாண்டினா தான் அவங்க வேலை அனுமதி கேக்க முடியும். ஜப்பான்ல டிபெண்டன்ட்டுக்கு தனியா அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம் தான்.

நெதர்லாந்தும் ஜெர்மனியும் மொதல் கேள்வில பாஸ், நீங்க சொன்னது கரெக்ட். ஜெர்மனில நீங்க ப்ளூ கார்டுல (படிச்சவங்களுக்கான வேலை விசா) போனா அவங்க மொழி சர்டிபிகேட் இல்லாமலே கூட வரலாம், வந்த நாள்லேந்து வேலைக்கும் போலாம். ஆனா பிசியோங்கறது அங்க லைசன்ஸ் தொழில். படிப்ப அங்கீகாரம் பண்ணி, ஜெர்மன் பி2 அளவுக்கு (ஓரளவு சரளமான நெலை) பேசி எழுதினா தான் நோயாளிய தொட விடுவாங்க. நெதர்லாந்துலயும் பிசியோ அரசாங்க பதிவேட்டுல சேர்ந்தே ஆகணும், டச்சு தெரிஞ்சே ஆகணும். நீங்க ஆபீஸ்ல இங்கிலீஷ்லயே காலத்த ஓட்டிருவீங்க. முதுகு வலில துடிக்கற ஒரு பாட்டி கிட்ட அவங்க என்ன மொழில பேசுவாங்க?

வடதுருவன்:

அக்கா சொன்னதுக்கு மேல பெருசா இல்ல. நான் ஃபின்லாந்துல இருக்கேன், வெதர் பத்தி மட்டும் சொல்றேன். ஷீட்ல எல்லாரும் வெப்பநிலைய போடறீங்க, ஒருத்தரும் வெளிச்சத்த போடறதில்ல. குளிருக்கு ஜாக்கெட் இருக்கு, இருட்டுக்கு ஒண்ணும் கிடையாது. ஹெல்சின்கில டிசம்பர் கடைசில பகல் 6 மணி நேரம் கூட வராது, அதுவும் மேகத்துக்கு பின்னாடி, ஆபீஸுக்கு போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. எனக்கு ஒண்ணும் பண்ணல. என் துணைக்கு மொத ரெண்டு வருஷம் ரொம்பவே பண்ணுச்சு. ஒரே வீடு, ஒரே ஜன்னல், ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா இருந்துச்சு.

நெதர்லாந்து இவ்ளோ மோசம் இல்ல, ஆனா போய் பாக்கறதா இருந்தா டுலிப் பூக்கற ஏப்ரல்ல போகாதீங்க. நவம்பர் கடைசில போங்க, ஹோட்டல்ல தங்காம ஒரு சாதாரண குடியிருப்புல ரெண்டு வாரம் தங்குங்க, காலைல 8 மணிக்கு மழைல சைக்கிள்லயோ பஸ்லயோ நகரத்துக்கு போயிட்டு வாங்க. தென்கோள நாடுன்னா ஜூன், ஜூலைல.

ஃபைல்நம்பர்47:

நான் நாலு நாட்டுக்கு விண்ணப்பம் போட்டு ஒண்ணுல உள்ள வந்தவன், எண்கள பத்தி பேசறேன்.

பாஸ், நீங்க ஆரம்பிச்ச இடமே தப்பு. மெயின் அப்ளிகன்ட் (விண்ணப்பம் யாரு பேர்ல போகுதோ அவங்க) நீங்கன்னு யாரு முடிவு பண்ணது? ஷீட்ட அவங்கள மெயினா வச்சு மறுபடி ஓட்டிப் பாருங்க, வரிசையே மாறிரும்.

கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிய (பாயின்ட் வச்சு பிஆருக்கு கூப்பிடற திட்டம்) எடுத்துக்கோங்க. தம்பதியா போடும்போது சிஆர்எஸ்ல (அந்த பாயின்ட் கணக்கு) வயசுக்கான அதிகபட்சம் 100, அது 20லேந்து 29 வயசு வரைக்கும் தான். அப்பறம் வருஷத்துக்கு அஞ்சு அஞ்சா குறையும். 31ல 90, 36ல 65. அதாவது அவங்க மெயினா இருந்தா வயசுல மட்டுமே 25 பாயின்ட் கூட, கட்-ஆஃப்ல ஒரு பாயின்ட்டுக்கே ஆளுங்க மாசக்கணக்கா காத்துக்கிட்டு இருக்காங்க. கூட வர்றவரோட படிப்பு, மொழிக்குன்னு தனியா கொஞ்சம் பாயின்ட் இருக்கு, அது உங்க படிப்பு மதிப்பீட்லேந்தும் ஐஇஎல்டிஎஸ் (இங்கிலீஷ் பரிட்சை) மார்க்லேந்தும் வந்துரும். இது இல்லாம 2023லேந்து சுகாதாரத் துறைக்குன்னு தனி டிரா (அழைப்பு சுற்று) நடத்தறாங்க, பிசியோதெரபிஸ்ட் அந்த பட்டியல்ல இருக்கு. அதுக்கெல்லாம் நீங்க தகுதியே இல்ல பாஸ், அவங்க தகுதி.

ஆஸ்திரேலியாலயும் இதே கதை தான். 25லேந்து 32 வயசுக்கு 30 பாயின்ட், 33லேந்து 39க்கு 25. துணை 45 வயசுக்கு கீழ இருந்து, ஸ்கில் அசெஸ்மென்ட்டும் (தொழில் தகுதி மதிப்பீடு) ஓரளவு இங்கிலீஷும் காட்டினா இன்னொரு 10. குறைஞ்சபட்சம் 65 வேணும், நடைமுறைல அதுக்கு மேல தான் கூப்பிடறாங்க.

பிரிட்டன் இன்னும் வேடிக்கை. நீங்க ஸ்கில்ட் வொர்க்கர் விசால போனா ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்ட் ஹெல்த் சர்சார்ஜ் (அரசாங்க மருத்துவ வசதிக்கான கட்டணம்) முன்கூட்டியே கட்டணும், ரெண்டு பேர், அஞ்சு வருஷம்னா 10,350 பவுண்ட், விசா கட்டணம் தனி. அவங்க ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசால போய் நீங்க டிபெண்டன்ட்டா ஒட்டிக்கிட்டா அந்த சர்சார்ஜ் ரெண்டு பேருக்குமே கிடையாது, நீங்க அங்க எந்த வேலைக்கும் போலாம். 2024 மார்ச்லேந்து குடும்பத்த கூட்டிட்டு வரக்கூடாதுன்னு தடை போட்டது கேர் வொர்க்கருக்கு (முதியவங்கள, முடியாதவங்கள கவனிச்சுக்கறவங்க) தான், பிசியோவுக்கு இல்ல.

சும்மாவந்தேன்:

டிபெண்டன்ட்டா "ஒட்டிக்கிட்டா". இந்த வார்த்தைய இத்தன வருஷமா எத்தன பேரு யார பாத்து சொல்லிருப்பாங்க. இன்னைக்கு ஒருத்தருக்கு திருப்பி வந்திருக்கு, பாக்கவே நல்லா இருக்கு.

எலும்புடாக்டர்இல்ல:

வணக்கம். நான் தான் அந்த "சரி"ன்னு சொன்ன ஆளு. இவரு போன்ல இந்த இழைய தொறந்து வச்சிட்டே தூங்கிட்டாரு, முழுசா படிச்சேன், இங்க எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பிச்சிட்டேன்.

மொதல்ல ஒண்ணு, இவரு நல்ல மனுஷன், ரொம்ப திட்டாதீங்க. அந்த ஷீட்ல என் அம்மாவுக்கு விசிட்டர் விசா எவ்ளோ ஈஸின்னு கூட ஒரு வரி போட்டிருக்காரு. ஆனா மார்க் போட்டதும் அவரு, வெயிட்டேஜ் போட்டதும் அவரு, கூட்டல் மட்டும் எக்ஸல் போட்டுச்சு. வந்த விடை அவரு மனசுல மொதல்லயே இருந்த நாடு தான், அவரோட பழைய டீம்ல பாதி பேரு அங்க தான் இருக்காங்க. அத நேரா சொல்லிருந்தா கூட சண்டை போட்டு பேசி முடிச்சிருக்கலாம். எண்ணா வந்து நின்னா அது கூட எப்படி சண்டை போடறது, அதான் "சரி"ன்னேன்.

எனக்கு நோயாளி கிட்ட பேசணும். என் வேலைல பாதி பேச்சு தான், வலி எங்க இருக்குன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க, அத புடிக்கணும், அப்பறம் பயந்தவங்கள எழுந்து நடக்க வைக்கணும். புது மொழி கத்துக்க மாட்டேன்னு சொல்லல. 31 வயசுல தப்புத்தப்பா பேசி, கை தொழில் தெரிஞ்சும் கத்துக்குட்டியா நிக்கறதுக்கு நான் தயாரான்னு ஒரு தடவ என்னைய கேட்டிருக்கலாம்.

ஃபைல் அண்ணா, கனடால பிஆர் கெடைச்சா நான் நேரா வேலைல சேர்ந்துரலாமா?

ஃபைல்நம்பர்47:

இல்லம்மா, அது தான் கனடால பெரிய குழி. பிஆர் குடுக்கறது மத்திய அரசு, பிசியோ லைசன்ஸ் குடுக்கறது மாகாணம், ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் கண்டுக்கறதில்ல. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு போடற படிப்பு மதிப்பீடு வேற, லைசன்ஸுக்கு பிசியோ ரெகுலேட்டர்ஸ் அலையன்ஸ் பண்ற மதிப்பீடு வேற, அதுக்கப்பறம் பரிட்சை. நல்ல விஷயம் என்னன்னா லைசன்ஸ் மதிப்பீட்ட இங்கேந்தே இப்பவே ஆரம்பிக்கலாம், பிஆருக்காக காத்திருக்க வேண்டாம். நெறைய பேரு இத போனதுக்கு அப்பறம் தான் ஆரம்பிக்கறாங்க, அதுல ஒரு வருஷம் சும்மா போயிருது.

மத்த நாட்ல உங்க தொழில் தகுதிய பாக்கற அமைப்புன்னா, ஆஸ்திரேலியால ஆஸ்திரேலியன் பிசியோதெரபி கவுன்சில், பிரிட்டன்ல எச்சிபிசி, அயர்லாந்துல கோரு, நியூசிலாந்துல பிசியோதெரபி போர்டு. பிரிட்டன்ல மொதல்ல எச்சிபிசி பதிவு, அப்பறம் வேலை, அப்பறம் தான் விசா. இந்த நாலு தளத்துக்கும் போய் வெளிநாட்டு விண்ணப்பதாரர் பக்கத்த மட்டும் படிங்க, யூடியூப் வீடியோவ நம்பாதீங்க, அதுல பாதி ஏஜென்ட் விளம்பரம். காலேஜ்லேந்து பாடத்திட்டம், பயிற்சி மணி நேரக் கணக்கு எல்லாம் சீல் போட்டு வாங்கணும், அதுக்கே மாசக்கணக்கு ஆகும், அத நாளைக்கே கேளுங்க. எந்த நாடு முடிவானாலும் அந்த காகிதம் வேணும்.

பெட்டிகட்டி:

காலைல எந்திரிச்சு பாத்தா என் இழைல என் மனைவி. பேரு வேற சூப்பரா வச்சிருக்கீங்க.

டீம் ஆளுங்க இருக்கறதால தான் நெதர்லாந்துன்னு சொன்னது உண்மை, எனக்கே இப்ப தான் உறைக்குது. இன்னொண்ணும் உண்மைய சொல்லிடறேன். அங்க வெளிநாட்லேந்து வர்ற ஆளுக்கு சம்பளத்துல 30 சதவீதம் வரைக்கும் வரி இல்லாம குடுக்கலாம்னு ஒரு சலுகை இருக்கு, அதுக்கு மட்டும் நான் ரெண்டு வரில மார்க் போட்டிருக்கேன், "வரி"லயும் "கைல நிக்கற சம்பளம்"லயும். டபுள் கவுன்ட்.

மூணாவதுநாடு:

அந்த சலுகை 2027லேந்து 27 சதவீதம் ஆகுது தம்பி. அஞ்சு வருஷம் தான் இருக்கும், அப்பறம் முழு வரி.

சலுகைய பாத்து நாட்ட எடுக்காதீங்கன்னு நான் எல்லார் கிட்டயும் கத்தறேன். போர்ச்சுகல்ல என்எச்ஆர் வரி சலுகைக்குன்னே எத்தன பேரு கெளம்பினாங்க, 2024லேந்து புதுசா வர்றவங்களுக்கு அத மூடிட்டாங்க. ஜெர்மனில மூணு வருஷத்துல குடியுரிமைன்னு 2024ல ஒரு வேக வழி தொறந்தாங்க, 2025 அக்டோபர்ல எடுத்துட்டாங்க. கனடால வேலை ஆஃபர் இருந்தா குடுத்துட்டு இருந்த பாயின்ட்ட 2025 மார்ச்ல தூக்கிட்டாங்க. பிரிட்டன்ல பொதுவா 5 வருஷத்துல கெடைக்கற நிரந்தர குடியிருப்ப 10 வருஷமா ஆக்கணும்னு 2025 மே மாச வெள்ளை அறிக்கைலயே எழுதிட்டாங்க. நீங்க ஷீட் போட ஆரம்பிச்ச நாளுக்கும் விமானம் ஏர்ற நாளுக்கும் நடுவுல ரெண்டு விதியாவது மாறும். அதனால அந்த சலுகைய எடுத்துட்டாலும் இங்க இருப்போமான்னு ஒவ்வொரு நாட்டுக்கும் கேட்டுப் பாருங்க.

வடதுருவன்:

இது எங்களுக்கு வேலைக்கு ஆச்சு, உங்களுக்கும் ஆகலாம். மார்க் போடறத விட்டுட்டு ரெண்டு பேரும் தனித்தனியா "இது இருந்தா நான் வரமாட்டேன்"னு மூணே மூணு எழுதினோம். ஒருத்தர் எழுதினத அடுத்தவர் வாதாட கூடாது, காரணம் கேக்கலாம். சராசரி போட்டா ஒருத்தரோட 2 மார்க்க இன்னொருத்தரோட 10 மூடிரும், கடைசில 6னு வரும், அந்த 6ல ஒருத்தர் அழுதுட்டு இருப்பாங்க. வீட்டோ (ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம்) இருந்தா அது நடக்காது. எங்க பட்டியல் 11 நாட்லேந்து ஒரே ராத்திரில 3 ஆச்சு.

(அப்படியும் ஃபின்லாந்து வந்தீங்களான்னு கேக்காதீங்க. இருட்ட பத்தி அப்ப ரெண்டு பேருக்குமே தெரியாது, அதனால யாரும் எழுதல. போய் பாக்கணும்னு நான் சொல்றது இதுக்கு தான்.)

எலும்புடாக்டர்இல்ல:

நேத்து ராத்திரி இத பண்ணோம். என்னோடது: என் தொழில 18 மாசத்துக்கு மேல விட்டு இருக்க மாட்டேன். அம்மாவுக்கு ஒண்ணுன்னா ஒரு நாளைக்குள்ள போய் சேர முடியாத இடம் வேண்டாம், ரெண்டு மூணு விமானம் மாறினா கூட சரி. மூணாவது, என் அனுமதி முழுக்க இவரோட வேலைல தொங்கற மாதிரி இருக்க கூடாது.

இவரோடது: துப்பாக்கி சகஜமா இருக்கற ஊர் வேண்டாம். வேலை போனா ரெண்டு மாசத்துல நாட்ட விட்டு கெளம்புன்னு சொல்ற விசா வேண்டாம். மூணாவது எழுதறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு, கடைசில "நான் தனியா போய் மொதல்ல செட்டில் பண்ணிட்டு அப்பறம் நீ வர்ற மாதிரி வேண்டாம்"னு எழுதிருந்தாரு. அத படிச்சப்பறம் ஷீட் மேல இருந்த கோவம் பாதி போயிருச்சு.

ஃபைல்நம்பர்47:

உங்க மூணாவது பாயின்ட் ரொம்ப முக்கியம்மா, யாரும் வாயத் தொறந்து பேச மாட்டாங்க. டிபெண்டன்ட் விசாங்கறது மெயின் ஆளோட வேலைலயும், உங்க ரெண்டு பேர் உறவுலயும் சேர்ந்து தொங்கற கயிறு. வேலை போனா ரெண்டு பேருமே கெளம்பணும், பிரிஞ்சா டிபெண்டன்ட் கெளம்பணும். கனடா, ஆஸ்திரேலியால வீட்ல வன்முறைக்கு ஆளானவங்களுக்கு தனி வழி வச்சிருக்காங்க, எல்லா நாட்லயும் அப்படி இல்ல. ரெண்டு பேர் பேர்லயும் பிஆரா போனா இந்த தொங்கல் கிடையாது, வேலை போனாலும் நாடு போகாது. உங்க வீட்டுக்காரரோட ரெண்டாவது பாயின்ட்டும் இதோட தீந்துருது. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன்லாம் மொதல்ல வேலைய நம்பி தான் உள்ள விடுவாங்க. கனடா, ஆஸ்திரேலியால தான் நேரா பிஆரா போற வழி இருக்கு.

ஒண்ணு மட்டும் இப்பவே பாத்து வச்சுக்கோங்க. ஆஸ்திரேலியா பிஆர்ல மெடிக்கல் விதி கறாரானது, குடும்பத்துல ஒருத்தர் ஃபெயிலானா பொதுவா எல்லாரும் ஃபெயில். பழைய வியாதி ஏதாவது ரெண்டு பேர்ல யாருக்காவது இருந்தா காசு கட்றதுக்கு முன்னாடியே ஒரு பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட் கிட்ட கேளுங்க. கல்யாணம் ஆகாம சேர்ந்து இருக்கறவங்க யாராவது இத படிச்சா, கனடால 12 மாசம் தொடர்ந்து ஒண்ணா குடியிருந்ததுக்கு ஆதாரம் வேணும், ரெண்டு பேர் பேர்லயும் வாடகை ஒப்பந்தமும் பேங்க் கணக்கும் இன்னைக்கே போடுங்க.

பூனைமாமா:

எல்லாரும் பூனைய மறந்துட்டீங்க.

ஆஸ்திரேலியான்னா வெறிநோய் தடுப்பூசி, ரத்த பரிசோதனை, அதுக்கப்பறம் காத்திருப்பு, கடைசில போய் எறங்கினதும் மெல்போர்ன் பக்கத்துல அரசாங்க தனிமை மையத்துல குறைஞ்சது 10 நாள், நீங்க கெளம்பற நாட்ட பொறுத்து இது கூடும். சில நாடுகள்லேந்து நேரா கொண்டு போகவே முடியாது, வேற நாட்ல கொஞ்ச காலம் வச்சு தான் கூட்டிட்டு போகணும். கனடா இந்த விஷயத்துல ரொம்ப தாராளம், வளர்ப்பு பூனைக்கு தடுப்பூசி சான்றிதழ் சரியா இருந்தா பெரும்பாலும் உங்க கூடவே வீட்டுக்கு வந்துரும். என் பையன் அப்படி தான் வந்தான், எனக்கு முன்னாடி தூங்கிட்டான்.

சும்மாவந்தேன்:

அப்ப 22 விஷயம் போட்டதுல பூனை ஜெயிச்சிருச்சு.

பெட்டிகட்டி:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், நெலமைய சொல்லிடறேன்.

ஷீட்ட அழிச்சிட்டேன். சரி, அழிக்கல, வேற ஃபோல்டர்ல போட்டிருக்கேன். இப்ப பட்டியல்ல ரெண்டே நாடு, கனடா, ஆஸ்திரேலியா, ரெண்டுலயும் மெயின் அப்ளிகன்ட் அவங்க. காலேஜுக்கு பாடத்திட்டம் கேட்டு எழுதியாச்சு. அவங்க ஐஇஎல்டிஎஸ் தேதி வாங்கிட்டாங்க, நானும் வாங்கிட்டேன், ரெண்டு வருஷம் தான் செல்லும்ங்கறதால விண்ணப்பத்துக்கு ஒட்டி வர்ற மாதிரி வச்சிருக்கோம். கனடால எந்த மாகாணத்துல பிசியோ லைசன்ஸ் எப்படின்னு அவங்க படிக்கறாங்க, அதே மாகாணத்துல என் வேலைக்கு ஆளு எடுக்கறாங்களான்னு நான் பாக்கறேன். மொத தடவையா அவங்க கண்டுபிடிச்ச ஊர் பேர வச்சு நான் தேடறேன், கொஞ்சம் வினோதமா தான் இருக்கு.

வடதுருவன் சொன்ன மாதிரி ஜனவரில ரெண்டு வாரம் கனடா போய் தங்கி பாக்க போறோம். ஆஸ்திரேலியாவ ஜூலைல பாக்கலாம்னு சொன்னா "ரெண்டு நாட்டுக்கும் டிக்கெட் போட்டா அங்க போய் குடியிருக்க காசு இருக்காது"ங்கறாங்க, அதுவும் நியாயம் தான்.

எலும்புடாக்டர்இல்ல:

ஜனவரிக்கு ஜாக்கெட் தேட ஒரு ஷீட் போட்டிருக்காரு. 9 கம்பெனி. இந்த தடவ வெயிட்டேஜ் நான் போடறேன்னு வாங்கி வச்சிருக்கேன். பூனைமாமா, அந்த தடுப்பூசிக்கும் பயணத்துக்கும் நடுவுல எத்தன நாள் விட்டீங்க? விமானத்துல உங்க பையன கூடவே வச்சுக்க விட்டாங்களா, இல்ல கீழ சரக்கோட அனுப்பினீங்களா?